மாறுவேடம் வேண்டாம், மறுவிசாரணை வேண்டும்!

அமைதி! பேசாதே! கையைக் கட்டு!

நம் நாட்டு வகுப்பறைகளிலே பிள்ளைகள் கற்கும் முதற்பாடம் இதுதான். சமூக அறிவியல் வகுப்போ அந்தப் பாடத்தின் தலைமைப் பீடம்! ஆசிரியர் படிப்பார், பிள்ளைகள் கோடிடுவர். போருக்குக் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. மன்னன் முடிசூடிய ஆண்டு, மடிந்த ஆண்டு. மனப்பாடம் செய், மதிப்பெண் வாங்கு, மறந்துவிடு! மணி அடிக்கிறது, வரலாறு முடிகிறது. ஏன் நடந்தது, யாரால் நடந்தது, யாருக்காக நடந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேள்வியே எழாத அந்த வகுப்பைத்தான் நல்ல வகுப்பு என்று மெச்சிவிட்டுப் போகிறார் மேற்பார்வையாளர்.

வாய்மூடிக் கிடப்பதா ஒழுக்கம்? அது அடிமைக்கு ஆண்டை கற்பித்த ஒழுக்கம்! ஆண்டை எதிரே வாய்பொத்தி நின்றவரின் பேரப்பிள்ளை இன்று பள்ளிக்கு வந்திருக்கிறது. நூல் அதன் கைக்கு வந்துவிட்டது. நூலைக் கேள்வி கேட்கும் உரிமை இன்னும் வரவில்லை. பத்தாண்டு வாய்பொத்தி வளர்ந்த பிள்ளை, பதினெட்டாம் வயதிலே வாக்குரிமை வந்ததும் திடீரென்று வாய் திறந்து, ஆட்சியாளரைப் பார்த்துக் கணக்குக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமையல்லவா?

இதற்கு மாற்று உண்டு. பாத்திரமேற்று நடித்தல் என்பது அதன் பெயர். வரலாற்றில் வந்த மனிதர்களின் இடத்திலே பிள்ளைகளை நிறுத்துவது, அந்த மனிதர்களுக்குத் தெரிந்ததை மட்டும் அவர்களிடம் கொடுப்பது, முடிவைச் சொல்லாமல், "இப்போது நீ என்ன செய்வாய், ஏன் செய்வாய்?" என்று கேட்பது. அவ்வளவுதான். இதற்கு அரங்கம் வேண்டாம், அரிதாரம் வேண்டாம். நான்கு பெஞ்சுகளை நகர்த்தினால் போதும்.

"பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று புருவம் உயர்த்துவோர் உளர். அவர்களே ஆண்டுவிழா வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்! மயிற்பீலி சூடிய கண்ணன் ஒருவன், வில்லேந்திய இராமன் ஒருவன், அட்டைக் கிரீடத்தோடு பாரதமாதா ஒருத்தி. வாடகை ஆடைக்குப் பெற்றோர் பணம் கட்டுவர். குழந்தை நான்கு வரி ஒப்பிக்கும், கும்பிடு போடும், பரிசு வாங்கும். இது கூத்தாகாதாம், கலைவளர்ச்சியாம்! மாறுவேடப் போட்டியிலே குழந்தை மாறுவது உடையை மட்டும். பாத்திரமேற்று நடித்தலில் மாறுவது பார்வை. வேடதாரிக்கு வரிகள் தரப்படுகின்றன. பாத்திரம் ஏற்றவனுக்கு வழக்கு தரப்படுகிறது. முன்னது ஒப்பிக்கப் பழக்கும், பின்னது சிந்திக்கப் பழக்கும். வைதிகத்துக்கு முன்னதன்பால் பாசமும் பின்னதன்பால் அச்சமும் இருப்பதிலே வியப்பென்ன?

நாடகம் புதுவைக்கு வந்தேறிய சரக்கன்று. நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் 1922-ஆம் ஆண்டிலே கண்மூடியது இந்நகரில்தான். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளிலே 37 ஆண்டுகள் தமிழாசிரியராய்ப் பணியாற்றி 1946-இல் ஓய்வு பெற்ற பாவேந்தர் பாரதிதாசன், நாடகப் படைப்பாளர் அல்லரோ? புராணம் கொடியவன் என்று தூற்றிய இரணியனை இணையற்ற வீரனாக அவர் படைத்துக் காட்டியபோது, 1934-இல் அந்நாடகத்துக்குத் தலைமை ஏற்றவர் பெரியார். அறிஞர் அண்ணாவின் நீதிதேவன் மயக்கமோ மறுவிசாரணை நாடகம்! இரக்கமற்றவன் என்று கம்பன் சாட்டிய குற்றத்துக்கு, இராவணன் கூண்டிலேறித் தானே பதில் சொல்கிறான். இரக்கம் காட்டாதார் வேறு யார் யார் என்று எதிர்க்கேள்வி கேட்கிறான். முடிந்த வழக்கைத் திறப்பது, தீர்ப்பெழுதியவனையே விசாரிப்பது, ஊமையாக்கப்பட்டவனைப் பேச விடுவது என்ற முறையை நம் இயக்கம் மேடையிலே காட்டியது. அதைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்கிறோம்.

அதிகாரம் நாடகத்தைக் கண்டு அஞ்சியதற்குச் சட்டமே சான்று. 1876-இல் பிரித்தானிய அரசு நாடகச் சட்டம் போட்டது. 1954-இல், நடிகவேள் எம்.ஆர். இராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலின் நடுவே, சென்னை மாநில ஆட்சியும் ஒரு நாடகச் சட்டம் போட்டது. வெறும் பொழுதுபோக்குக்கு யாரேனும் சட்டம் போடுவார்களா? பார்த்தவன் சிந்தித்துவிடுவான் என்ற பயம்! பார்த்தவனே சிந்திப்பான் என்றால், பாத்திரமாய் நின்று வாதாடிய பிள்ளை எவ்வளவு சிந்திக்கும்!

"பாடத்திட்டத்தில் இடமில்லையே!" என்று அடுத்த குரல் எழுகிறது. பாடநூலிலிருந்தே ஒரு பாடத்தை எடுப்போம். உத்திரமேரூர்க் குடவோலை முறை, நம் நூல்கள் நெஞ்சு நிமிர்த்திப் பேசும் பெருமை. பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் அந்தத் தேர்தல் விதிகளைச் சொல்கின்றன. ஆசிரியர் வகுப்பிலே ஒரு குடத்தை வைக்கட்டும். பிள்ளைக்கொரு சீட்டு: நீ நிலமுடைய வேதியன், நீ குயவன், நீ உழவுக்கூலி, நீ வேதியர் வீட்டுப் பெண். பிறகு கல்வெட்டின் விதிகளைப் படிக்கட்டும். கால்வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும், வேதப்பயிற்சி வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் தகுதியற்றவர்கள் எழுந்து சுவரோரம் போகட்டும். இறுதியில் குடத்தருகே எத்தனை பேர், சுவரோரம் எத்தனை பேர்? "இதுவா குடியாட்சி?" என்ற கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை. சுவரோரம் நிற்கும் பிள்ளைகள் கேட்பார்கள்! தேர்வுக்கும் அவர்கள் அந்த விதிகளை மறக்க மாட்டார்கள். தன்னை வெளியே தள்ளிய விதியை எவன் மறப்பான்?

புதுவைப் பிள்ளைகளுக்கு இம்முறை மும்மடங்கு தேவை என்போம். 2023-24 கல்வியாண்டு தொட்டு இங்கே அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. நூல் தில்லியிலே உருவாகிறது. இந்தியா முழுமைக்கும் எழுதப்படும் நூலில் இச்சிறு நிலத்தின் கதைக்கு எத்தனை பக்கம் கிடைக்கும்? ஒன்பதாம் வகுப்பு வரலாற்றிலே பிரெஞ்சுப் புரட்சி பல ஆண்டுகள் முதற்பாடமாக இருந்து வந்தது. சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று நம் பிள்ளைகள் பாரிசு நகரத் தெருக்களைப் பற்றி ஒப்பித்தார்கள். அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவையிலே, பெரிய வாய்க்காலுக்கு இப்பால் கறுப்பர் நகர், அப்பால் வெள்ளையர் நகர் என்று கோடு கிழித்திருந்ததே, அந்தக் கோட்டைத் தாண்டியவர் யார், தடுத்தவர் யார் என்று அவர்களைக் கேட்டது யார்? சுற்றுலா வந்தவர்கள் அந்த வீதிகளில் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவற்றின் வழக்குகள் தெரியவில்லை.

ஒரு வழக்கு சொல்வோம். 1873-ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு புதுவை நீதிமன்றத்துள் நுழைந்தார். தமிழன் தன் மரபுடையோடுதான் வரவேண்டும், காலணி கூடாது என்றனர். அவர் தண்டிக்கப்பட்டார். அடங்கினாரா? பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றத்துக்கு முறையிட்டார், வென்றார்! பின்னர் 21.9.1881 அன்று ஓர் ஆணை பிறந்தது. விரும்பியவர் மதமும் சாதியும் வகுத்த வழக்கச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம். புதிய குடும்பப் பெயரும் சூடலாம். பொன்னுத்தம்பி துறந்தார், கதவு என்று பொருள்படும் லாப்போர்த் என்ற பெயரைச் சூடினார். மறுபுறம், சாதியாசாரத்தின் காவலராய் நின்றார் அன்றைய புதுவை அரசியலின் பெருந்தலை சண்முக வேலாயுத முதலியார். மாமூல் மாறக்கூடாது என்பது அவர் கட்சியின் கோட்பாடு.

இந்த வழக்கை ஒரு வகுப்பில் நடத்திப் பாருங்கள்! ஒரு பிள்ளை பொன்னுத்தம்பி, ஒன்று பிரெஞ்சு நீதிபதி, ஒன்று சண்முகம், ஒன்று பாரிசு நீதிமன்றம். இன்னொன்று துறவாணையில் கையெழுத்திடலாமா என்று தயங்கும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண். மற்றவரெல்லாம் கேள்வி கேட்கும் ஊர்மக்கள். காலணி என்பது தோலா, மானமா? மாமூல் யாருக்கு நன்மை? சமத்துவம் பெற ஒரு தமிழன் தன் பெயரையே மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எளிய விடை கிடையாது. அதனால்தான் அது நல்ல கேள்வி.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு சொல். முதலியாராக நடிக்கும் பிள்ளையைக் கோமாளியாக்கிச் சிரிக்க வைக்கும் ஆசை நமக்கு எழலாம். கூடாது! அவன் தன் கட்சிக்காரர் அன்று சொல்லியிருக்கக்கூடிய மிக வலுவான வாதத்தைச் சொல்லட்டும். வலுவான வாதத்தை வென்ற பகுத்தறிவே பகுத்தறிவு. வைக்கோற் பொம்மையை வீழ்த்துவது வீரமாகாது. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்து நடத்தும் விசாரணை, நாம் நடத்தினாலும் புராணமே.

இனி, நாம் அழுத்தந்திருத்தமாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக்கு வருவோம். பாத்திரத்தைப் பிறப்புப் பார்த்து வழங்காதீர்! சிவந்த மேனிப் பிள்ளைக்கு அரசன், கருத்த பிள்ளைக்கு அரக்கன். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஆளுநர், குப்பத்துப் பிள்ளைக்குக் குடை பிடிப்பவன். ஆணுக்கு நீதிபதி, பெண்ணுக்கு ஆரத்தித் தட்டு. இப்படிப் பங்கு பிரித்தால் அது கல்வியாகாது, மனுநீதிக்கு ஒத்திகையாகும்! சீட்டுக் குலுக்கிப் பாத்திரம் கொடுங்கள். ஒரே வழக்கை இருமுறை நடத்தி, வாதியைப் பிரதிவாதியாக்குங்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகள் ஆளுநராக அமர்ந்து ஆணையிடட்டும். ஆலை முதலாளியின் மகன் கூலிக்காரனாக நின்று, எட்டு மணி நேர வேலை ஏன் வேண்டும் என்று எடுத்துச் சொல்லட்டும். அவரவர் பிறந்த இடத்திலிருந்து அரைமணி நேரமேனும் வெளியே வந்து உலகைப் பார்ப்பதுதான் இந்தக் கல்வியின் உயிர்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலே 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் செய்தியொன்று உண்டு. புதுவைத் தேவாலயத்துக்குள்ளே ஒரு சுவர்! தாழ்த்தப்பட்ட கிறித்தவர் சுவருக்கு ஒருபுறம், சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் மறுபுறம். ஏசுவின் முன்னிலையில் ஏன் இந்தச் சுவர் என்று ஒடுக்கப்பட்டோர் பாதிரிமாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். எத்தகைய பாடம்! முறையிட்டவர், பாதிரி, சினந்தெழுந்தவர், செய்தியைக் குறித்துவைத்த துபாசி என எத்தனை பார்வைகள்!

ஆனால் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு நெருப்பைக் கையாளும் எச்சரிக்கை வேண்டும். சுவருக்கு அப்பால் நிறுத்தப்படும் பிள்ளை, வீதியிலே மெய்யாகவே அப்படி நிறுத்தப்படும் பிள்ளையாக இருந்துவிட்டால், வகுப்பறை அதன் புண்ணிலே வேலாகும். ஆகவே, இழிசொல்லையும் இழிசெயலையும் நடித்துக் காட்டச் செய்யாதீர். முறையீட்டையும் மறுமொழியையும் தீர்ப்பையும் நடியுங்கள். அவமானத்தை நடிக்க வேண்டியதில்லை. அவமானத்தை எதிர்த்த அறிவை நடிக்க வேண்டும்.

நம் அச்சம் வெறுங்கற்பனையன்று. அமெரிக்காவில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், 5.4.1968 அன்று, ரைஸ்வில் என்ற சிற்றூரின் ஆசிரியை ஜேன் எலியட் தம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணினர் உயர்ந்தோர் என்றார், மறுநிறத்தார் தாழ்ந்தோர் என்றார். பின்னர் மாற்றி அறிவித்தார். உயர்ந்தோர் என்று சொல்லப்பட்டதும், நேற்றுவரை தோழராக இருந்த குழந்தைகள் செருக்கோடு ஏவத் தொடங்கின. தாழ்ந்தோர் என்று சொல்லப்பட்டதும் நன்றாகப் படித்த பிள்ளைகளும் தடுமாறின. நிறவெறி பிறவியில் வருவதன்று, கற்பிக்கப்படுவது என்று உலகம் கண்டது. குழந்தைகளின் நெஞ்சை இப்படிச் சோதிக்கலாமா என்ற கேள்வியும் அதனோடு எழுந்து இன்றளவும் ஓயவில்லை. பாத்திரம் வலிமையுடையது. அதைச் சூட்டத் தெரிந்தவருக்குக் களையவும் தெரிய வேண்டும்.

ஆதலால் முறை ஒன்று சொல்வோம். ஒரு பருவத்துக்கு ஒரு வழக்கு போதும். அதற்கு மூன்று பாடவேளை போதும். முதல் வேளையில் ஆதாரம்: கல்வெட்டு, நாட்குறிப்பு, அரசாணை, பழைய செய்தித்தாள், பாத்திரம் ஏற்போர் அவற்றைப் படித்துக் குறிப்பெடுக்கட்டும். இரண்டாம் வேளையில் வழக்கு: வாதம், எதிர்வாதம், ஊராரின் கேள்வி, வாக்கெடுப்பு. மூன்றாம் வேளையில் வேடம் களைதல்: "நான் அந்தப் பாத்திரமல்லன்; அதனிடத்தில் நின்றபோது எனக்குத் தெரிந்தது இது; அதன் வாதத்தில் நான் ஒப்பாதது இது" என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும். அதன்பிறகே உண்மையில் நடந்தது என்ன என்று ஆசிரியர் விளக்கட்டும். மூன்றாம் வேளை இல்லாத நடிப்பு, கணக்கைப் போட்டுவிட்டு விடையைச் சரிபாராத கதை.

வழக்குக்கா பஞ்சம்? 30.7.1936 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சு ஆட்சி சுட்டு வீழ்த்திய 12 தொழிலாளர்களின் வழக்கு இருக்கிறது. அந்தக் குருதிக்குப் பிறகே, 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. தோழர் வ. சுப்பையாவும் தொழிலாளரும் ஒருபுறம், ஆலை முதலாளிகளும் ஆளுநரும் மறுபுறம்; பேச்சுவார்த்தை மேசையிலே பிள்ளைகள் அமரட்டும். புதுவை ஆலைகளின் சங்கொலி ஓய்ந்துவிட்டது, ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. ஆலையைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு அந்த மேசையைக் காட்டும் கடன் பள்ளிக்கு உண்டு.

கீழூர் இருக்கிறது! 18.10.1954 அன்று மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினர். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தனர், 8 பேர் எதிர்த்தனர். 1.11.1954 அன்று ஆட்சி கைமாறியது. பிள்ளைகள் பிரதிநிதிகளாய் அமர்ந்து வாக்களிக்கட்டும்; அந்த எட்டுப் பேரின் வாதத்தையும் எவரேனும் எடுத்துரைக்கட்டும். சந்திரநாகூரிலே 1949-இல் மக்களே நேரே வாக்களித்தார்களே, இங்கே பிரதிநிதிகள் மட்டும் வாக்களித்தது ஏன் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கட்டும். கேட்டால் நாட்டுப்பற்று குறைந்துவிடாது. நாடு தன்னுடையது என்று எண்ணும் பிள்ளைதான் அப்படிக் கேட்கும்.

"தேர்வு வருகிறதே, இதற்கெல்லாம் நேரமேது?" என்பது கடைசித் தடை. ஆண்டுவிழா ஒத்திகைக்கு வாரக்கணக்கில் கிடைத்த நேரம், வரலாற்றுக்கு மூன்று வேளை கிடைக்காதா? பொருளுணர்ந்து எழுதுக என்று இன்றைய வினாத்தாள்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. நெட்டுருப் போட்டவன் வினா திரும்பினால் திகைப்பான். வழக்காடியவன் எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை சொல்வான். ஆசிரியர்மேல் மட்டும் பழிபோட மாட்டோம். கணக்கெடுப்பும் பதிவேடும் படிவமுமாக அவரை எழுத்தராக்கிவிட்டு, புதுமுறையில் பாடம் நடத்து என்று சொல்வது அறமன்று. கல்வித்துறை செய்ய வேண்டியது ஒன்றுண்டு. புதுவை வரலாற்றின் பத்து வழக்குகளை, ஆதாரங்களோடு, எளிய தமிழில் ஒரு சிறு நூலாக்கி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தரட்டும். நூல் தில்லியிலிருந்து வந்தாலும் வழக்கு நம் வீதியிலிருந்து வரட்டும்!

இளைஞர்காள்! அரசு செய்யும் வரை காத்திருப்பது நம் மரபன்று. 1980-களின் இறுதியில் அறிவொளி இயக்கத் தோழர்கள் வீதி நாடகத்தோடு புதுவையின் ஊர்ஊராய்ச் சென்று எழுத்தறிவு பரப்பினார்கள். அவர்களுக்கும் மேடை இல்லை, திரை இல்லை. உங்கள் படிப்பகத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மேசை போடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை அழையுங்கள். சீட்டுக் குலுக்குங்கள். பொன்னுத்தம்பியின் வழக்கை எடுங்கள். பேசவே கூசும் பெண்பிள்ளைக்கு நீதிபதியின் நாற்காலி விழுந்தால், அவள் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். தீர்ப்பு நமக்கு உவப்பாக இராமற் போகலாம். காரணம் சொல்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

காரணம் கேட்கவும் காரணம் சொல்லவும் பழகிய பிள்ளையிடம் எந்தப் புரட்டும் செல்லாது. சாதி எங்கிருந்து வந்தது என்று அது புரோகிதனைக் கேட்கும். வரிப்பணம் எங்கே போயிற்று என்று அமைச்சரைக் கேட்கும். சான்று எங்கே என்று நம்மையும் கேட்கும். கேட்கட்டும்! அந்தக் கேள்விக்கு அஞ்சாதவர்கள் மட்டுமே பகுத்தறிவாளர் என்ற பெயருக்கு உரியவர்கள்.